படிக்கட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள்

போன வாரம் உங்கள் இன்ஜினியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கட்டிடத்தை மென்பொருளில் மாடல் செய்யும்போது படிக்கட்டையும் அதில் போட வேண்டுமா, வேண்டாமா? கொஞ்ச நேரத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் போடு என்றார்கள், பாதிப் பேர் போடாதே என்றார்கள். ஒரு புண்ணியவான், "உங்கள் மேனேஜர் என்ன சொல்கிறாரோ அப்படிச் செய்துவிடுங்கள்" என்று எழுதிப் பக்கத்தில் கைகூப்பும் படம் ஒன்றையும் போட்டிருந்தார். அந்தப் பதிலுக்குத்தான் கட்டைவிரல்கள் அதிகம் விழுந்திருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் ஓய்வு பெற்றவள். ஷார்ஜாவிலும் துபாயிலுமாகக் கட்டிடங்களின் வலிமைக்குக் கணக்குப் போட்டே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள். என்னைக் குழுவில் சேர்த்ததும் நீங்கள்தான், "அக்கா, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் நீங்கள்தான். சொல்கிறேன். ஆனால் பயிற்சி வகுப்பை எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் காணொளிகளில் கொட்டிக் கிடக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லி நாலு பேர் சுற்றி நிற்கும்போது என்ன செய்வது என்பதை எந்தக் காணொளியும் சொல்லித் தரவில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கேள்விக்குப் பதில். படிக்கட்டை மாடலில் போடுவதும் சரி, போடாமல் விடுவதும் சரி. மாடலில் எப்படி வைத்தீர்களோ, சைட்டிலும் அப்படியே கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். படிக்கட்டு என்பது சரிந்து கிடக்கிற ஒரு கான்கிரீட் பலகை. ஒரு முனை மேல்தளத்தைப் பிடித்திருக்கிறது, இன்னொரு முனை கீழ்த்தளத்தைப் பிடித்திருக்கிறது. நில அதிர்வில் கட்டிடம் பக்கவாட்டில் அசையும்போது, கதவுக்கு முட்டுக் கொடுத்த கட்டை மாதிரி அது குறுக்கே நின்று தடுக்கும். கட்டிடத்தின் அசைவு குறையும். பதிலுக்கு, படிக்கட்டும் அதை ஒட்டிய தூண்களும் பெரிய விசையை வாங்கிக்கொள்ளும். படிக்கட்டை மாடலில் போட்டால் அந்த விசை கணக்கில் தெரியும், அதற்கேற்ற கம்பியைக் கட்டலாம். போடவில்லை என்றால், நிஜத்திலும் அது முட்டுக் கொடுக்காதபடி ஒரு முனையை நகர விட்டுவிட வேண்டும். கணக்கில் ஒன்றும் கட்டியதில் வேறொன்றுமாக இருந்தால் ஆபத்து. இது யாருக்குத்தான் தெரியாது என்பீர்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் நான் சொல்லப்போகிற காரியத்தைச் செய்யப் பார்த்தார்கள்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் பழைய கட்டிடம் ஒன்றை இடித்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாகக் குடியிருப்பு எழுப்பும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. கீழே கடைகள், மேலே வீடுகள். இந்த மாதிரிக் கட்டிடங்களுக்கு லிஃப்டைச் சுற்றி நிற்கும் கான்கிரீட் சுவர்கள்தான் முதுகெலும்பு. எங்கள் வாடிக்கையாளருக்கோ தெருவைப் பார்த்த மாதிரி அகலமான கடைகள் வேண்டும். அதற்காகக் கட்டிடக்கலைஞர் லிஃப்டைத் தள்ளித் தள்ளி ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். முதுகெலும்பை ஓரத்தில் வைத்தால் உடம்பு எப்படி நிற்கும்? மாடலில் ஓட்டிப் பார்த்தபோது கட்டிடம் முறுக்கிக்கொண்டு ஆடியது. விதியில் அனுமதித்த அசைவைத் தாண்டிப் போனது.

எதிர்மூலையில் ஒரு சுவர் வேண்டும் என்று கேட்டேன். சுவர் வந்தால் ஒரு கடை போய்விடும் என்றார்கள். கடைசியில் எங்கள் மேலாளர் ஒரு வழி சொன்னார். எதிர்ப்பக்கம் வரும் படிக்கட்டுகளைத் தளங்களோடு சேர்த்தே கான்கிரீட் போடுவோம், அவற்றையும் மாடலில் சேர்ப்போம் என்றார். சேர்த்ததும் அசைவு எல்லைக்குள் அடங்கிவிட்டது. இதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. அந்தப் படிக்கட்டுகளுக்கும் பக்கத்துத் தூண்களுக்கும் வந்த விசை அத்தனைக்கும் நான் கணக்குப் பார்த்துக் கம்பி போட்டேன். இந்தப் படிக்கட்டும் கட்டிடத்தைப் பிடித்து நிறுத்தும் பகுதி, இதை மாற்றக் கூடாது என்று வரைபடத்தில் குறிப்பும் எழுதினேன். வரைபடக் குறிப்பை யார் படிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இந்த மேலாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கோயம்புத்தூர்க்காரர். கோபம் தலைக்கேறினாலும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். நான் தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கே முதல் வேலையில் சேர்ந்தபோது, அவர் மேலாளர் ஆகவில்லை, எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த இன்னொரு இன்ஜினியர். ஊரில் மூன்று மாடி வீட்டுக்கு மேல் நான் கணக்குப் போட்டதில்லை. உயரமான கட்டிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு மாடல் பாஸ் ஆகிவிட்டால் எல்லாரும் பிரிண்ட் எடுக்கப் போவார்கள், இவர் மட்டும் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அழிக்க ஆரம்பிப்பார்.

"பாஸ் ஆயிருச்சுன்னு சந்தோஷப்பட்றாதீங்க மேடம். ஒவ்வொண்ணா எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க. எதை எடுத்தா தள்ளாடுதோ, அதுமேலதான் கட்டிடம் சாஞ்சு நிக்குதுன்னு அர்த்தமுங்க. அதைக் கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்துக்கோணும்."

அந்தப் பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது. நல்லதைச் சொல்லிக் கொடுத்தவர் என்பதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன். அந்த மனிதரே நாற்காலி மாறியதும் எப்படி மாறினார் என்பதையும் மறைக்கமாட்டேன்.

வேலை தொடங்கிச் சில தளங்கள் எழும்பின. படிக்கட்டில் கம்பி நெருக்கமாக இருக்கிறது, கட்டவே நாள் போகிறது என்று ஒப்பந்ததாரர் முனகத் தொடங்கினார். பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து மாற்றுக் கோரிக்கை வந்தது. படிக்கட்டை அங்கே கான்கிரீட் போட வேண்டாம், தொழிற்சாலையில் தயாராக வார்த்த ப்ரீகாஸ்ட் படிக்கட்டை வாங்கி, கிரேனில் தூக்கி, தளத்தின் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டையை வைத்து அதன்மேல் உட்கார வைத்துவிடலாம். வேலை மளமளவென்று ஓடும். கூடவே அந்தத் தொழிற்சாலைக்காரர் போட்ட கணக்கும் இருந்தது. படிக்கட்டு தன் எடையையும் ஏறி இறங்கும் ஆட்களையும் தாங்குமா? தாங்கும். கணக்கில் ஒரு பிழை கிடையாது. அழகான கணக்கு.

பாருங்கள், இங்கேதான் நம் ஆட்கள் விழுவார்கள். நம் அலுவலகங்களில் படிக்கட்டு என்பது தனிப் பொட்டலம். கைப்பிடி, கதவு, ஓடு இவற்றோடு சேர்ந்து வரும். அதைப் பார்ப்பவர் வேறு, கட்டிடத்தின் அசைவைப் பார்ப்பவர் வேறு. படிக்கட்டுக்காரர் பார்த்தால் படிக்கட்டு பாஸ். மாடல்காரர் பார்த்தால் மாடல் பாஸ், ஏனென்றால் மாடலுக்குள் பழைய படிக்கட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. எல்லாருடைய காகிதமும் சரி. ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கும் படிக்கட்டு எதற்கும் முட்டுக் கொடுக்காது என்பது மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

கோரிக்கை என் மேசைக்கு வந்தது. நான் மாடலின் பிரதியில் படிக்கட்டுகளை அழித்துவிட்டு ஓட்டினேன். கட்டிடம் பழையபடி முறுக்கிக்கொண்டது. தாங்காது என்று மூலைத் தூண்கள் திரையில் சிவப்பில் எரிந்தன. 'மறுக்கப்பட்டது' என்று எழுதி, காரணத்தையும் எழுதி மேலே அனுப்பினேன்.

மறுநாள் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். அவர் டீ வரவழைத்தால் விஷயம் பெரிது என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"ஏனுங்க மேடம், இது படிக்கட்டுதானுங்களே. இதுக்குப் போயி ரிஜெக்ட் போட்டுட்டீங்க."

"சார், அந்தப் படிக்கட்டுதான் எதிர்ப்பக்கத்தைப் பிடிச்சிட்டு நிக்கிது. உங்க ஐடியாதானே அது?"

"ஐடியா நம்மளுதுதானுங்க. அப்ப நிலைமை வேறைங்க. இப்ப அவங்க படிக்கட்டு வார்க்கற அச்செல்லாம் ஆர்டர் குடுத்துட்டாங்க. இதே வாடிக்கையாளர் அடுத்த டவரும் நமக்குத்தான் தர்றதா இருக்கறாரு. நீங்க படிக்கட்டை மட்டும் பார்த்ததா கையெழுத்துப் போடுங்க. படிக்கட்டுக் கணக்கு சரிதானுங்களே?"

"சரிதான் சார். கட்டிடம்தான் சரியில்ல."

அவர் டீயை ஆற்றினார். பிறகு, அடுத்த வீட்டுக்காரர் விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"பாப்பாவுக்கு எப்பங்க பரீட்சை?"

என் விசா அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் தாள் அவர் மேசைமேல் கிடந்தது. என் கணவர் அப்போது கத்தாரில், ராஸ் லஃபானில் எரிவாயு ஆலையில் டெக்னீஷியன். மகள் என்னோடு ஷார்ஜாவில். அவள் விசா என் விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. என்னுடையது ரத்தானால் அவளுடையதும் ரத்து. தங்க அனுமதிக்கும் சலுகை நாட்களுக்குள் எனக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பரீட்சையை நடுவில் விட்டுவிட்டு ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும். இது அத்தனையும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். மிரட்டலைக்கூட இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அடுத்த மாசம் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். டீயைக் குடிக்கவில்லை.

சாயங்காலம் கணவரோடு போனில் பேசினேன். அவர் வீராவேசம் பேசுகிற ஆள் இல்லை.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும். அதுக்குப் பொறவு எவன்கூட வேணும்னாலும் மல்லுக்கு நில்லு. இப்ப ஒரு கையெழுத்துதானே?"

"அந்தக் கையெழுத்துலதான் ஆளுங்க குடியிருக்கப் போறாங்க."

"அங்கன பூகம்பம் எப்பட்டி வந்திருக்கு? லேசா ஆடும், அடங்கிரும். நீ சொல்லுதது நடக்காமலே போயிரலாம்லா?"

"போயிரலாம். நடக்காதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியுமா?"

அவர் போனை வைத்துவிட்டார். ஆலையில் வேலை பார்ப்பவர். அழுத்தமானி சரியாகக் காட்டாத ஒரு குழாயை 'நல்லா இருக்கு' என்று எழுதித் தரச் சொன்னால் அவரும் தரமாட்டார். அதனால்தான் பேச்சை முடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கதைகளில் இந்த இடத்தில் பிள்ளை ஓடிவந்து, "அம்மா, நீ நியாயத்தின் பக்கம் நில்" என்று சொல்லும். என் மகள் அப்படிச் சொல்லவில்லை.

"மா, சைன் பண்ணிடு. ப்ளீஸ். இட்ஸ் மை போர்ட் எக்ஸாம்ஸ். எல்லாத்தையும் ஏன் நீதான் ஃபிக்ஸ் பண்ணணும்? வேற யாருக்கும் இல்லாத அக்கறை உனக்கு மட்டும் ஏன்?"

அழுதாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

இரண்டொரு நாளில் சைட் அலுவலகத்தில் கூட்டம் கூட்டினார்கள். வாடிக்கையாளரின் பிரதிநிதி வந்திருந்தார், அதிகம் பேசாத அரபுக்காரர். ஒப்பந்ததாரரின் ப்ராஜெக்ட் மேனேஜர், லாகூர்க்காரர், வந்திருந்தார். ப்ரீகாஸ்ட் தொழிற்சாலையின் விற்பனை ஆள் வந்திருந்தார். ஊர் ராமநாதபுரம் பக்கம்; துபாயில் ஜெபல் அலியில்தான் அவர்கள் படிக்கட்டு வார்க்கும் யார்டு. எங்கள் மேலாளரும் நானும். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது, கோபம் வந்தவர்கள் மட்டும் அவரவர் மொழிக்குப் போனார்கள்.

"மேடம், டைம் மாஃபி. ஜல்தி அப்ரூவ் கரோ," என்று ப்ராஜெக்ட் மேனேஜர், நேரமே இல்லை என்கிற மாதிரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

நான் மடிக்கணினியைத் திறந்து திரையில் கட்டிடத்தைக் காட்டினேன். "இது நகராட்சி அனுமதி கொடுத்த கட்டிடம்," என்று சொல்லி அதிர்வில் அது எப்படி அசையும் என்று ஓடவிட்டேன். கௌரவமாக அசைந்தது. பிறகு எல்லார் கண் முன்னாலும் படிக்கட்டுகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். மறுபடி ஓடவிட்டேன். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி கட்டிடம் முறுக்கியது. "இது நீங்கள் கட்டப்போகிற கட்டிடம்."

மேலாளரின் முகம் சிவந்துவிட்டது. அது அவர் கற்றுக் கொடுத்த வித்தை. அவருக்கு முன்னாலேயே அவிழ்த்துக் காட்டிவிட்டேன்.

"அந்த அனிமேஷன் சும்மா பெருசாக்கிக் காட்டறதுங்க," என்று தமிழில் என்னிடம் முணுமுணுத்துவிட்டு, ஆங்கிலத்தில் மற்றவர்களிடம், இது மென்பொருளின் மிகைப்படுத்தல், நடைமுறையில் எந்தப் படிக்கட்டும் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும், ப்ரீகாஸ்டும் பிடிக்கும் என்றார். சொன்ன விதம் நன்றாக இருந்தது. ப்ராஜெக்ட் மேனேஜர் தலையாட்டினார். பிரதிநிதி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு இன்ஜினியர்கள் சண்டை போட்டால் வெளியாள் யாரை நம்புவார்? பதவியில் பெரியவரைத்தான். எனக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோனது, இனி நான் எவ்வளவு கத்தினாலும் எடுபடாது.

நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. உங்கள் வார்த்தை எடுபடாத இடத்தில் தொண்டை கிழியக் கத்தாதீர்கள். யாருடைய வார்த்தை எடுபடுமோ அவரைப் பேச விடுங்கள். நான் மேலாளரோடு வாதாடுவதை நிறுத்திவிட்டு விற்பனை ஆளைப் பார்த்தேன்.

"உங்க படிக்கட்டு நல்ல படிக்கட்டுதான். எனக்கு ஒரே ஒரு வரி வேணும். இது கட்டிடத்தைப் பக்கவாட்டிலயும் பிடிச்சு நிறுத்தும்னு உங்க கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்துடுங்க. இங்கேயே சைன் பண்றேன்."

அந்த மனிதர் பதறிப்போனார். "மேடம், என்ன மேடம் சொல்றீக? நம்ம படிக்கட்டு எதையும் பிடிக்காது மேடம். அதானே நம்ம ஸ்பெஷாலிட்டி! கட்டிடம் அசைஞ்சாலும் இது பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கும். அதுனாலதான் விரிசலே வுழாது. கேட்லாக்லயே போட்ருக்கோம்."

"இதை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்," என்றேன்.

சொன்னார். பெருமையாகவே சொன்னார். தன் சரக்கை விற்கிற உற்சாகத்தில், அது நகரும், எதையும் பிடிக்காது, கட்டிடத்தின் பாரத்தை ஒரு துளியும் வாங்கிக்கொள்ளாது என்று விலாவாரியாக விளக்கினார். அவர் பேசப் பேச எங்கள் மேலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரதிநிதி கடைசிவரை கேட்டார். பிறகு தன் கோப்பை மூடினார்.

"கலாஸ், பேச்சு முடிந்தது. வரைந்தபடியே கட்டுங்கள்."

அவ்வளவுதான் கூட்டம். படிக்கட்டுகள் தளங்களோடு சேர்த்தே, நான் போட்ட கம்பியோடு, முனகிக்கொண்டே கட்டப்பட்டன.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தால், இன்னும் நீங்கள் நம் அலுவலகங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த மாதக் கடைசியில் என் விசா புதுப்பிக்கப்படவில்லை. ஆட்குறைப்பு என்று சொன்னார்கள். குறைக்கப்பட்டது நான் ஒருத்திதான். மேலாளர் என் மேசைக்கு வந்தார். நான் என் குவளையையும் சார்ஜரையும் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க மேல எனக்குக் கோபமில்லைங்க மேடம்."

"எனக்கு உங்க மேல இருக்கு சார்," என்றேன்.

அவர் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். மன்னித்துவிட்டு வந்திருக்கலாமே என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். எதற்கு? எடுத்துப் பார் என்று சொல்லிக் கொடுத்த மனிதர் அவர். தெரியாதவர் செய்தால் பாவம் என்று விடலாம். தெரிந்தவர் செய்ததை நான் ஏன் துடைத்துக் கொடுக்க வேண்டும்?

மகள் சலுகை நாட்களுக்குள்தான் பரீட்சை எழுதினாள். அவள் பரீட்சைக்குப் போகும் நேரத்தில் நான் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தேன். ரோலாவில் பஸ் ஏறி துபாய்க்குப் போய், வரவேற்பறைகளில் காத்திருந்து, திரும்பி வந்து, அவளுக்குச் சோறு வைத்தேன். அவள் என்னோடு பேசவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பாள். கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன அலுவலகத்தில், குறைந்த சம்பளத்தில், எனக்கு வேலை கிடைத்தது. நாங்கள் ஊருக்குப் போகவில்லை. ஆனால் அவள் மதிப்பெண் குறைந்தது. கேட்ட படிப்பு கிடைக்கவில்லை, வேறு படித்தாள். அதற்கு நான்தான் காரணம் என்று பிறகொரு சண்டையில் சொன்னாள். நான் மறுக்கவில்லை. அந்தக் கஷ்டம் அவள் தலையில் விழுந்ததில் எனக்கு இன்றைக்கும் வலி உண்டு. கையெழுத்துப் போடாததில் வலி இல்லை. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருக்கின்றன, ஒன்றை ஒன்று சமாதானப்படுத்துவதில்லை.

கட்டிடம் முடிந்து வாடகைக்கு விளம்பரம் வந்தபோது நான் போய் ஒரு வீட்டை எடுத்தேன். எங்களுக்கு அது கொஞ்சம் கட்டுபடியாகாத வாடகை. வேண்டுமென்றேதான் எடுத்தேன். என்னை வெளியே தள்ளிய கட்டிடத்துக்குள்ளேயே என் கட்டிலைப் போட்டுத் தூங்க வேண்டும் என்று ஒரு வீம்பு. கணவர் போனில், "உனக்குக் கொழுப்புட்டி" என்றார். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். மகள் துபாயில் நல்ல வேலையில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு என் விசா அவள் பெயரில் ஓடுகிறது. அவள் விசா என்னுடையதில் தொங்கிய காலம் போய், என்னுடையது அவளுடையதில் தொங்குகிறது. இதைச் சொல்லி அவள் என்னைச் சீண்டுவதுண்டு.

போன குளிர்காலத்தில் ஒரு பிற்பகல். கடலுக்கு அந்தப் பக்கம், ஈரானில் எங்கோ பூமி அசைந்தால் இங்கே மேல்மாடிகளில் விளக்கு ஆடும் என்பது இங்கே வசிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்றைக்குக் கொஞ்சம் நன்றாகவே ஆடியது. மகள் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் பாத்திரங்கள் கலகலத்தன. கதவைத் திறந்தால், மாடி முழுக்க ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பங்களாதேஷ் குடும்பம், துண்டு கட்டிய தலையோடு ஃபிலிப்பினோ பெண்கள், பூனையை அணைத்துக்கொண்டு எதிர்வீட்டு எகிப்தியர். யாரும் லிஃப்ட் பக்கம் போகவில்லை. அத்தனை பேரும் படிக்கட்டில்தான் இறங்கினார்கள். நாங்களும் இறங்கினோம்.

கீழே கார்கள் நிற்கும் இடத்தில் கூட்டமாக நின்றோம். மகள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பார்த்தாள்.

"மா, இது அந்த ஸ்டேர்ஸ்தானே?"

"ஆமா."

"ஸோ, நீ ரைட்."

இத்தனை வருடம் கழித்து அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"இல்லட்டி. இந்த ஆட்டத்துக்கு அந்த ரப்பர் படிக்கட்டு வச்சிருந்தாலும் கட்டிடம் நின்னிருக்கும். இது பெரிய ஆட்டமே இல்ல."

அவள் என்னை முறைத்தாள். "அப்போ எதுக்கு மா அதெல்லாம்? நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா?"

"தெரியும். நான் சொன்னது அன்னைக்கு அந்த மேசையிலயே சரிதான். அதுக்குச் சாட்சி சொல்ல ஒரு பூகம்பம் வரணுமா? வராமலே போகட்டும். அப்பவும் நான் சொன்னது சரிதான்."

உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நீங்கள் சொன்னது சரி என்று எந்தக் கட்டிடமும் விழுந்து நிரூபிக்கப்போவதில்லை. பெரும்பாலும் ஒன்றுமே நடக்காது. "பார்த்தீர்களா, சும்மா பயமுறுத்தினார்" என்றுகூடச் சொல்வார்கள். சொல்லட்டும். மேனேஜர் சொல்கிறபடி செய்துவிடு என்று இனி யாராவது குழுவில் எழுதினால், அந்த மேனேஜரையும் ஒரு தடவை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உங்கள் கையெழுத்து நிற்கிறதா என்று தெரிந்துபோகும்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "யூ ஆர் இம்பாசிபிள், மா," என்றாள். காவலாளி வந்து மேலே போகலாம் என்றார். லிஃப்ட் முன்னால் பெரிய வரிசை. என் முழங்காலுக்கு லிஃப்ட்தான் நல்லது, நான் வரிசையில் போய் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தாள்.

"வா, இதுலயே போலாம்."

மெதுவாக ஏறினோம். முதல் திருப்பத்தில் அவள் நின்றாள். படிக்கட்டு தளத்தோடு சேர்கிற மூலையைக் குனிந்து பார்த்தாள். பூச்சு வேலையில் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளைச் சுவர்.

"கம்பி இங்கதான் உள்ள போகுதா?"

"ஆமா. இங்கேருந்து தளத்துக்குள்ள போகுது."

விரலை மடக்கி அந்த மூலையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு மேலே ஏறினாள்.